கீழ்ப்படிதலும் பணிந்திருத்தலும்: மணவாழ்வுச் சமத்துவத்திற்கு எதிரான தமிழ்க் கிறித்தவ வாதம் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மணவாழ்வில் கணவனும் மனைவியும் சம உரிமை உடையவர் என்னும் கருத்தைச் சமயத்தின் பெயரால் மறுப்போர் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர். கிறித்தவத்தில் இம்மறுப்பு அண்மைக் காலத்தில் வெளிப்படையான கொள்கை அறிக்கைகளாகவே வடிவம் பெற்றுள்ளது. 1930ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளியிட்ட ‘காஸ்தி கொன்னுபியி’ என்னும் சுற்றுமடல் மணவாழ்வில் பெண் விடுதலை பேசுவோரைக் கடுமையாகக் கண்டித்தது. அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை அறிஞர் சிலர் 1987இல் டான்வர்ஸ் அறிக்கையை வகுத்தனர். தென்னகப் பாப்திஸ்துப் பேரவை 1998இல் மனைவியின் பணிவைத் தன் நம்பிக்கை அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டது. ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு, குடும்பத்தின் தலைமை ஆணுக்கே உரியது என்பது இவற்றின் சாரம்.

இக்கருத்து தமிழ்ச் சூழலில் எவ்வாறு வேர்கொண்டது? இதற்கு அடிப்படையாகக் காட்டப்பெறும் திருமறைப் பகுதிகள் தமிழில் எவ்வாறு மொழிபெயர்க்கப்பெற்றன? தமிழ்க் கிறித்தவ எழுத்தாளர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? தோட்டப்புற மலேசியத் தமிழர் வாழ்வுக்கு இது எந்த அளவில் பொருந்துகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. சமய நம்பிக்கையின் மெய்ம்மையை ஆராய்வது இதன் நோக்கமன்று. ஒரு வாதம் எச்சொற்களின் மீது நிற்கிறது என்பதை மொழி, இலக்கியம், சமூக வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு மதிப்பிடுவதே நோக்கமாகும்.

ஒரு சொல், நான்கு இடம்

ஆண் தலைமையை வலியுறுத்துவோர் பெரிதும் எடுத்துக்காட்டுவது எபேசியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரமாகும். அப்பகுதியில் நான்கு இடங்களை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். முதலாவது, சபையார் அனைவரும் ஒருவருக்கொருவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது (5:21). இரண்டாவது, மனைவியர்க்கு உரியது (5:22). மூன்றாவது, பிள்ளைகளுக்கு உரியது (6:1). நான்காவது, அடிமைகளுக்கு உரியது (6:5).

கிரேக்க மூலத்தில் முதலிடத்தில் ‘ஹுபொடாஸோ’ என்னும் வினை வருகிறது. பழஞ்சுவடிகள் சிலவற்றில் இரண்டாமிடத்தில் வினைச்சொல்லே இல்லை. முன் தொடரின் வினையே அங்கும் தொடர்ந்து பொருள் தருகிறது. அதாவது, மனைவியின் பணிவு என்பது அனைவருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட பரிமாற்றப் பணிவின் ஒரு பகுதியாக நிற்கிறது. மூன்றாம் நான்காம் இடங்களில் வருவதோ ‘ஹுபகூவோ’ என்னும் வேறொரு வினை. இதன் பகுதி ‘கேள்’ என்னும் பொருளது. ஆணையைக் கேட்டு அதன்படி நடத்தலை இது குறிக்கும்.

பௌவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையுற்ற தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது. அது மேற்கண்ட நான்கு இடங்களிலும் ‘கீழ்ப்படி’ என்னும் ஒரே வினையைக் கையாள்கிறது. இதனால் மூலத்தில் இருந்த வேறுபாடு தமிழில் மறைந்துவிடுகிறது. தமிழில் மட்டும் படிப்பவருக்கு மனைவியும் பிள்ளையும் வேலைக்காரரும் ஒரே வரிசையில் நிற்பவராகவே தோன்றுவர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ முதலிரண்டு இடங்களுக்குப் ‘பணிந்திரு’ என்பதையும் பின்னிரண்டு இடங்களுக்குக் ‘கீழ்ப்படி’ என்பதையும் வழங்கி, மூலத்தின் வேறுபாட்டை மீட்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து செய்த இம்மொழிபெயர்ப்பைப் பின்னவருள் பலர் இன்னும் வழிபாட்டில் பயன்படுத்துவதில்லை.

பழைய மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுதல் முறையாகாது. ‘ஹுபொடாஸோ’ என்பதன் உறுப்புகளைப் பிரித்தால் ‘கீழ்’ என்பதும் ‘ஒழுங்குபடுத்து’ என்பதும் கிடைக்கும். ‘கீழ்ப்படி’ என்பது அதற்கு நெருங்கிய சொல்லே. சிக்கல் மற்றைய இரண்டு இடங்களில்தான் உள்ளது. அங்குச் ‘சொற்கேள்’ என்னும் தூய தமிழ் வழக்கு எளிதில் பொருந்தியிருக்கும். பெற்றோர் சொற்கேட்டல் என்பது நம் வீடுகளில் நாளும் வழங்கும் தொடர். அதனைக் கையாண்டிருந்தால் மூலத்தின் இருவேறு வினைகள் தமிழிலும் இருவேறாகவே நின்றிருக்கும்.

எதிர்வாதம் ஒன்றையும் இங்குச் சுட்ட வேண்டும். பேதுருவின் முதல் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்தமையைக் கூறும்போது ‘ஹுபகூவோ’ என்னும் வினையே வருகிறது. ஆகவே, கிரேக்கச் சொல் வேறுபாடு ஒன்றைக் கொண்டே சமத்துவத்தை நிறுவிவிட இயலாது. ஆயினும், அதே வேறுபாட்டை அழித்துவிட்டுச் சமத்துவத்தை மறுக்கவும் இயலாது என்பதே இதனால் பெறப்படும் முடிவு. மணவாழ்வைக் குறித்து ‘அதிகாரம்’ என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் வெளிப்படையாக ஆளப்பெறும் இடம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரமாகும். அங்கு அவ்வதிகாரம் கணவனுக்கும் மனைவிக்கும் ஒருவர் உடல்மீது மற்றவர்க்கு என இருவழியாகவே வழங்கப்பெறுகிறது. மணவாழ்வைப் பற்றிய சொற்பொழிவுகளில் எபேசியர் பகுதி பெறும் இடத்தை இப்பகுதி பெறுவதில்லை.

துணை என்னும் சொல்

தொடக்க நூலில் பெண் ஆணுக்குத் துணையாகப் படைக்கப்பட்டாள் என்பது ஆண் தலைமை வாதத்தின் மற்றொரு தூண். துணை என்பவர் இரண்டாம் நிலையினர் என்பது அவ்வாதம். எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘ஏசெர்’ என்பது. இச்சொல் எபிரேய மறையில் பெரும்பாலும் இறைவனின் உதவியைக் குறிக்கவே வருகிறது. இறைவன் மனிதனுக்கு ‘ஏசெர்’ ஆவதால் அவன் மனிதனுக்குத் தாழ்ந்தவன் என எவரும் கொள்வதில்லை. ஐக்கிய மொழிபெயர்ப்பில் பெண்ணைக் குறிக்குமிடத்தில் ‘துணை’ என்றும், 121ஆம் திருப்பாடலில் இறைவனின் உதவியைக் குறிக்குமிடத்தில் ‘ஒத்தாசை’ என்றும் வருகின்றன. ஒரே எபிரேயச் சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்தமையால் அவற்றின் உறவு வாசகர்க்குப் புலப்படாமற் போயிற்று. முன்னர்க் கண்டது இரு சொற்கள் ஒன்றான கதை; இது ஒரு சொல் இரண்டான கதை. இரண்டின் விளைவும் பெண்ணின் நிலையைத் தாழ்த்தும் திசையிலேயே சென்றிருப்பது கருதத்தக்கது.

தமிழ் மரபிலோ ‘துணை’ தாழ்வுப் பொருள் தரும் சொல்லன்று. திருக்குறள் இல்லாளைப் பற்றிய அதிகாரத்திற்கு ‘வாழ்க்கைத் துணைநலம்’ எனப் பெயரிடுகிறது. அதே நூல் அரசனுக்குப் பெரியோரின் ஆதரவைப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்கிறது. துணையாவோர் அங்கு அரசனிலும் அறிவால் உயர்ந்தோர். அகப்பாடல் மரபு காதலர் இருவரையும் தலைவன், தலைவி என்றே வழங்குகிறது. இரு சொற்களிலும் ‘தலை’ உண்டு. இவ்வழக்குகளைக் கொண்டு பண்டைத் தமிழ்க் குடும்பம் சமத்துவக் குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. கற்பு பற்றிய நம் அற நூற்களின் கடுமை யாவரும் அறிந்ததே. பெண்வழிச் சேறலைப் பழிக்கும் அதிகாரமும் குறளில் உண்டு. ஆயினும், ‘தலை’, ‘துணை’ என்னும் சொற்களுக்குத் தமிழில் ஒரே பொருள்தான் உண்டு என்னும் கூற்று நிலைபெறாது.

இங்கு மற்றொன்றையும் நோக்க வேண்டும். பெண்ணியம் மேனாட்டுச் சரக்கு என்பது ஆண் தலைமையாளரின் அடிக்கடி எழும் குற்றச்சாட்டு. ஆனால், தமிழ்ச் சபைகளில் வழங்கும் தலைமைக் கோட்பாட்டின் இன்றைய வடிவமும் அமெரிக்க நூற்கள், குடும்பக் கருத்தரங்குகள் ஆகியவற்றின் வழி வந்ததே. வந்த இடத்தைக் கொண்டு ஒரு கருத்தைத் தள்ளுவதாயின் இரண்டையும் தள்ள வேண்டியிருக்கும்.

வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள்

தமிழ்க் கிறித்தவர் இவ்வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டனர். அவருள் முதன்மையானவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கரான இவர் 1869இல் ‘பெண்மதி மாலை’யை வெளியிட்டுப் பெண்கல்வியை வலியுறுத்தினார். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் புதினமான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாள் என்னும் தலைவியைப் படைத்தார். பிரதாப முதலியார் யானை வேட்டையின்போது வழிதவறிப் பிரிகிறார். அவரைத் தேடி ஆண் உடையில் செல்லும் ஞானாம்பாள் விக்கிரமபுரியின் அரசாகிறாள், நீதி வழங்குகிறாள், நிருவாகத்தைச் சீர்திருத்துகிறாள். பின்னர் அந்நாட்டின் ஆட்சியை முன்னை அரசனின் மகளான ஆனந்தவல்லியிடம் ஒப்படைத்துவிட்டு இல்லறத்திற்குத் திரும்புகிறாள்.

இப்படைப்பைப் பெண் விடுதலையின் முன்னோடி எனப் போற்றுவோர் உளர். ஆணாதிக்க எல்லைக்குள்ளேயே நின்றது எனப் புறந்தள்ளுவோரும் உளர். இரு சாராரும் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. ஞானாம்பாளின் ஆற்றல் எங்கும் ஐயத்திற்கு உட்படுத்தப்பெறவில்லை. கணவனைவிட அவள் அறிவிற் சிறந்தவள் என்பதைக் கதையைக் கூறும் கணவனே மனமுவந்து ஏற்கிறான். ஆனால், அவ்வாற்றல் ஆட்சியாக மாறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, கணவன் தொலைந்திருக்க வேண்டும். மற்றொன்று, அவள் ஆண் உடையில் இருக்க வேண்டும்.

இதனை 1930ஆம் ஆண்டுச் சுற்றுமடலோடு ஒப்பிடின் வியப்பான ஒற்றுமை புலனாகும். கணவன் தலை, மனைவி இதயம் எனக் கூறும் அம்மடல், கணவன் தன் கடமையைச் செய்யத் தவறுமிடத்து மனைவி அவனிடத்தில் நின்று குடும்பத்தை நடத்தலாம் என இடமளிக்கிறது. அதாவது, பெண்ணால் இயலும் என்பது இரண்டிலும் ஒப்புக்கொள்ளப்பெறுகிறது. ஆனால் அது மாற்று ஏற்பாடாக மட்டுமே. இயலாமையைக் காரணமாகக் காட்டாத தலைமைக் கோட்பாடு, பிறப்பைத் தவிர வேறு காரணம் காட்ட இயலாத நிலைக்குத் தள்ளப்படுகிறது. வேதநாயகம் பிள்ளை இம்முரணைத் தீர்க்கவில்லை. ஆனால், அறுபது எழுபது பக்கக் கருத்துரையாலும் காட்ட முடியாத அளவு தெளிவாக அதனைக் கதையில் வைத்துவிட்டார். ஆட்சி ஆனந்தவல்லி என்னும் மற்றொரு பெண்ணிடமே செல்கிறது என்பதையும் மறத்தலாகாது. நாட்டை ஒரு பெண் வெளிப்படையாக ஆளலாம்; தன் கணவனோடு கூடிய வீட்டை ஆளுதலே வினாவுக்குரியது என்பது புதினத்தின் நிலையாகிறது.

பெண்களின் குரல் இவ்வெல்லையைத் தாண்டியது. கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் மணம் புரிந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’, ‘கமலா’ ஆகிய புதினங்கள் பின்னர்த் தமிழிலும் பெயர்க்கப்பெற்றன. இந்து இல்லத்துப் பெண்ணின் துயரை மட்டுமன்றி, மதம் மாறிய இல்லத்துப் பெண்ணின் தன்மதிப்பையும் அவர் எழுதினார். 1883இல் திருமுழுக்குப் பெற்ற பண்டித ரமாபாயோ, புரோகிதரின் நுகத்திலிருந்து விடுபட்ட தாம் மற்றொரு நுகத்தை ஏற்கவியலாது எனத் தம் ஆங்கிலேய ஞானத்தாயிடமே வாதிட்டார். எனவே, சமத்துவக் குரல் கிறித்தவத்திற்கு வெளியிலிருந்து வந்து மோதியது என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. அது உள்ளிருந்தே எழுந்த குரலாகும்.

கோட்பாடு சட்டமாகும்போது

தலைமை என்பது அன்பின் ஒழுங்கு. அதில் ஆதிக்கத்திற்கு இடமில்லை என அதனை ஆதரிப்போர் கூறுவர். கணவன் தன்னையே ஈந்து அன்பு செலுத்த வேண்டும் என்னும் கடமையும் அதே பகுதியில் உள்ளது என்பர். இவ்வாதம் நேர்மையானது, பல நல்ல குடும்பங்கள் அதற்குச் சான்றாகவும் உள்ளன. ஆனால், ஒரு கோட்பாட்டை நல்லோர் இல்லத்தில் மட்டும் சோதித்தல் போதாது. சொத்தும் மணமுறிவும் வினாவாகும் இடத்தில் அது எப்பக்கம் நிற்கிறது என்பதே உரைகல்.

இந்தியாவில் 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி கிறித்தவக் கணவன் மனைவியின் பிறனுறவு ஒன்றையே காட்டி மணமுறிவு பெறலாம். மனைவியோ அதனோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொன்றையும் மெய்ப்பிக்க வேண்டும். இவ்வேறுபாடு 2001இல்தான் நீங்கியது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாது இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதனையே அளித்தது. இது கேரளத்தார் செய்தி மட்டுமன்று. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரிப் பகுதித் தமிழ்க் கிறித்தவப் பெண்களையும் இது தொட்டது. அச்சட்டம் இன்னும் உயிருடன் உள்ளது எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அதற்கு மாறாகத் தீர்ப்புக் கூறி, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என நிலைநாட்டியது.

அத்தீர்ப்பைக் கேரளத்துத் திருச்சபைத் தலைவர் பலர் எதிர்த்தனர். மகள்களுக்குப் பங்கு செல்லாதவாறு உயில் எழுதிவைக்கத் தந்தையர் தூண்டப்பெற்றனர். மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு என்னும் கொள்கைக்கும் மகளுக்கு நிலம் இல்லை என்பதற்கும் தருக்க முறையில் தொடர்பு ஏதும் இல்லை. வரலாற்றில் இரண்டும் ஒரே மேடையிலிருந்து ஒலித்தன. கோட்பாட்டின் தூய்மையைப் பேசுவோர் விடைகூற வேண்டிய இடம் இது.

தோட்டப்புறத்தில் தலைமை

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையை அடுத்துள்ள சுங்கை ரம்பாயையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறத் தமிழர் வாழ்வையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். மலாக்கா நகரில் 1710ஆம் ஆண்டுப் புனித பேதுரு ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆயினும், தோட்டப்புறத் தமிழ்க் கிறித்தவம் அம்மரபிலிருந்து நேரே கிளைத்ததன்று. தமிழகத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்தோருள் சிறுபான்மையினராய் இருந்த கிறித்தவர் தம்மோடு கொண்டுவந்ததே அது.

பொருளீட்டுபவன் கணவன், இல்லத்தைக் காப்பவள் மனைவி என்னும் பிரிவின் மீதே ஆண் தலைமை வாதம் பெரும்பாலும் எழுப்பப்பெற்றுள்ளது. ஐரோப்பிய நடுத்தர வகுப்புக் குடும்பத்திற்கு இது பொருந்தியிருக்கலாம். தோட்டத்திலோ விடியுமுன் பெரட்டுக்கு ஆணோடு பெண்ணும் நின்றாள். குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு ஆணுக்குரிய மரங்களைப் போன்றே தனக்குரிய மரங்களை வெட்டினாள். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் வகுக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 10 காசு வேறுபாட்டை எந்தத் திருமறையும் விதிக்கவில்லை. லயத்திற்குத் திரும்பிய பின் அடுப்பும் தண்ணீரும் துணியும் அவளுக்கே உரியனவாயின. கணவன் வருமானத்தில் வாழ்பவள் என்னும் காரணத்தால் அவள் பணிந்திருக்க வேண்டும் என்னும் வாதம் அந்த லயத்தில் ஒருநாளும் உண்மையாய் இருந்ததில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பெற்றுக் குடும்பங்கள் நகரை நாடிய பின்னர், மகளிர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியேற்றனர். இக்காலப் பகுதியிலேயே தலைமைக் கோட்பாட்டின் புதிய போதனைகளும் பரவின. வேலை இழப்பும் மதுவும் குலைத்த குடும்பங்களுக்கு, ஆணைப் பொறுப்புள்ளவனாக்கும் எந்தப் போதனையும் ஆறுதலாகவே இருந்திருக்கும். குடியை விட்டு வீடு திரும்பிய கணவனைக் கண்ட மனைவியர் அப்போதனையை விரும்பி ஏற்றனர் எனின் அதனை அறியாமை எனத் தள்ளுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. ஆயினும், திருந்தாத கணவனிடமும் அதே பணிவு கோரப்பெறும்போது, அடியைப் பொறுத்துக்கொள்ளுதல் அறமாகிவிடுகிறது. இங்குதான் ஒரு வினைச்சொல்லின் மொழிபெயர்ப்பு உயிரைத் தொடும் சிக்கலாகிறது.

மலேசியச் சட்டம் இதில் தெளிவான நிலையை மேற்கொண்டுள்ளது. 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தம் முசுலிம் அல்லாதாரைப் பெரும்பாலும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொணர்ந்து, மணமுறிவுக் காரணங்களை இருபாலார்க்கும் ஒன்றாக்கியது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடப்புக்கு வந்தது. 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்படி, உயிலின்றி மனைவி இறந்தால் கணவனுக்கு முழுச் சொத்தும், பிள்ளைகளை விட்டுக் கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் கிடைத்தன. 1997ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சமமாக்கியது. தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைகள்மீது சம உரிமை 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2001இல் பாலினப் பாகுபாட்டுத் தடை அரசியலமைப்பின் எட்டாம் விதியில் இடம்பெற்றது.

திருமணச் சட்டத்தின்படி சமயகுருமார் துணைப் பதிவாளராக நியமனம் பெறலாம். அவ்வாறாயின் ஒரே பீடத்தின் முன், ஒரே மனிதர், சட்டத்தின் பெயரால் இரு சமமானவரின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறார். போதனையின் பெயரால் ஒருவரை மற்றவர்க்குக் கீழ்ப்படியச் சொல்கிறார். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மணப்பெண்ணுக்கு விளக்கப்பெறுவதில்லை.

திருச்சபைகளும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் வெளியிட்ட மடல் எபேசியர் பகுதியின் பணிவைக் கணவன் மனைவி இருவர்க்கும் பொதுவானதாக விளக்கியது. திருத்தந்தை பிரான்சிசு 2016இல் வெளியிட்ட ‘அமோரிஸ் லெத்தித்சியா’ மணவாழ்வுக்குள் நிகழும் அடக்குமுறையையும் வன்முறையையும் கண்டித்தது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருத்துவத்தில் ஏற்றது. 2013இல் புஷ்ப லலிதாவைப் பேராயராகத் திருநிலைப்படுத்தியது. 1930ஆம் ஆண்டு மடலை மாறாத மரபாகக் காட்டுவோர், பின்வந்த மடல்களையும் அம்மரபில் சேர்த்தே எண்ண வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, மனைவியின் கீழ்ப்படிதல் எனத் தமிழில் வழங்கும் போதனை மூலத்தின் கருத்து மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பின் விளைவும் அதிற் கலந்துள்ளது. இரண்டாவது, தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இவ்வினாவில் ஒருமித்த குரலை உடையதன்று. வேதநாயகம் பிள்ளையின் தயக்கமும் கிருபாபாயின் தெளிவும் ஒரே மரபின் இரு பக்கங்கள். மூன்றாவது, ஆண் பொருளீட்டுபவன் என்னும் அடிப்படை தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் என்றும் பொருந்தியதில்லை.

‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், ஞானாம்பாள் ஏன் ஆட்சியைத் துறந்தாள் என்னும் வினாவோடு, அவள் பெண் உடையிலேயே, கணவன் உடனிருக்கும்போதே ஆண்டிருந்தால் கதை எவ்வாறு சென்றிருக்கும் என்னும் வினாவையும் மாணவர் முன் வைக்கலாம். கிறித்தவ மாணவரும் பிற சமய மாணவரும் அடங்கிய வகுப்பில் அவ்வினா எச்சமயத்தையும் புண்படுத்தாது. கற்பு, பதிபக்தி என வேறு பெயரில் அதே போதனையைக் கேட்டு வளர்ந்த இந்து மாணவியர்க்கும் அது உரிய வினாவே. கீழ்ப்படிதலுக்கும் பணிந்திருத்தலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுதல் சமயப் பணியன்று. சொற்பொருள் உணர்த்தும் தமிழாசிரியரின் பணியே ஆகும்.